தும்மாதவரின் மூச்சு

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் துடைக்கிற நீல நிறத் திரவம் ஒரு பாட்டிலில் இருந்தது. தலையை அழுத்தினால் தூறலாகத் தெளிக்கும். நான் கண் பரிசோதிக்கிற வேலைக்கு அங்கே சேர்ந்த நாளில் அது நிறைந்திருந்தது. பதினோரு வருடம் கழித்தும் நிறைந்தே இருந்தது. கவுன்ட்டரில் நிற்கிற அண்ணன் அதைத் தொட்டால்தானே குறையும்?

"அது கெமிக்கல்மா" என்பார். "இது இயற்கை."

இது என்று அவர் சொன்னது தன் வாயை. வாடிக்கையாளரிடம் கண்ணாடியை வாங்குவார். வாயருகே கொண்டுபோய் வலது லென்ஸில் ஒரு "ஹா", இடது லென்ஸில் ஒரு "ஹா". இரண்டும் பால் மாதிரி வெளுத்ததும் மெல்லிய துணியால் வட்டம் வட்டமாகத் துடைப்பார். விளக்குக்கு நேரே தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் இன்னொரு "ஹா". பிறகு தன் இரண்டு கையாலேயே அதை அவர்கள் காதில் மாட்டிவிட்டு, மூக்கின் மேல் சரியாக உட்கார்ந்ததா என்று குனிந்து பார்ப்பார். சிலர் இதற்காகவே வாரம் ஒருமுறை வருவார்கள். வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. துடைத்துக்கொண்டு போவார்கள்.

கடையில் நாங்கள் இரண்டே பேர். பின்னறையில் எழுத்துப் பலகைக்கு எதிரே ஆளை உட்காரவைத்து, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுக் கேட்டுப் பவர் கண்டுபிடிப்பது நான். மற்றதெல்லாம் அவர். புதுக் கண்ணாடி போட வருகிறவருக்கு இரண்டு கண்மணிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்க வேண்டும். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு சின்ன அளவுகோலை அவர்கள் மூக்கின் மேல் பிடித்து, "என் மூக்கைப் பாருங்க" என்பார். சும்மா அளக்க மாட்டார். பிள்ளை என்ன படிக்கிறான், மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறதா, எல்லாம் விசாரித்துக்கொண்டேதான் அளப்பார். நடுவில் அவர் சிரித்தால் எதிரே இருப்பவரின் முன்முடி ஆடும்.

இந்த மனிதருக்கு ஒரு பெருமை உண்டு. அது கண்ணாடியைப் பற்றியது அல்ல, உடம்பைப் பற்றியது. நான் பார்த்த பதினோரு வருடத்தில் அவர் ஒரு தடவை தும்மியதில்லை. சளி கிடையாது, இருமல் கிடையாது, தொண்டையைச் செருமுவதுகூடக் கிடையாது. மழையில் நனைந்தபடி வந்து மின்விசிறிக்குக் கீழே நின்று சட்டையைக் காயவைத்துக்கொள்வார். எனக்கு வருடத்தில் நாலு தடவை மூக்கு ஒழுகும். அப்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், கோபம் கோபமாக வரும்.

"உங்க உடம்பு வீக்கும்மா. நமக்கெல்லாம் சளி வராது. வந்தாலும் உள்ள போக வழி தெரியாம திரும்பிப் போயிடும்."

அவருக்குத் "தும்மாதவர்" என்று பெயர் வைத்தது பக்கத்துக் கடை டெய்லர். டெய்லர் நேர் எதிர். துணியிலிருந்து பறக்கிற பஞ்சுத் தூசி அவருக்கு ஆகாது. காலையில் கடை ஷட்டரைத் தூக்கியதும் ஏழு தும்மல் வரிசையாக வரும். ஏழாவது தும்மல் கேட்டதும் நான் பின்னறை விளக்கைப் போடுவேன், அவ்வளவு கணக்கு. "நான் தும்முறதுல ஒரு பங்கு நீங்க எடுத்துக்கக் கூடாதா அண்ணே?" என்று அவர் எங்கள் வாசலில் நின்று கேட்பார். தும்மாதவர் மீசையைத் தடவிக்கொள்வார்.

வீட்டிலும் இந்தப் பெருமைக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். சொந்தத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சி கொண்டுபோவது, ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பது, எல்லாம் அவர்தான். அவருக்குத்தான் ஒன்றும் ஒட்டாதே! இதில் முக்கியமான வேலை, அவருடைய அக்காவைப் பார்த்துக்கொள்வது.

அக்கா அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். பழைய நோய் ஒன்றில் ஒரு பக்க நுரையீரல் சுருங்கிப்போய், மிச்சமிருந்த ஒன்றேகாலில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். இன்னொரு சளிக்காய்ச்சல் வந்தால் தாங்காது என்று டாக்டர் பச்சையாகவே சொல்லிவிட்டார். அதனால் அக்கா மகள் வாசலில் காவல். இரண்டாவது மாடியில் அவர்கள் வீட்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: "இருமல், தும்மல், சளி உள்ளவர்கள் தயவுசெய்து உள்ளே வர வேண்டாம்." எழுதி ஒட்டியவர் தும்மாதவர். அழகான கையெழுத்து. ஒருமுறை அக்காவுக்குப் பவர் பார்க்க நான் போயிருந்தேன். அக்கா மகள் என்னைப் படியிலேயே நிறுத்தி, "மூக்க உறிஞ்சிக் காட்டுங்க" என்றாள். நான் உறிஞ்சினேன். லேசாக ஏதோ சத்தம் வந்துவிட்டது. அன்றைக்கு எழுத்துப் பலகையைக் கதவுக்கு வெளியே பிடித்துக்கொண்டு, படியில் உட்கார்ந்தபடியே பவர் பார்த்துவிட்டு வந்தேன்.

தும்மாதவர் மட்டும் தினமும் சாயங்காலம் உள்ளே போவார். அக்காவுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவார், சண்டை போடுவார், கிளம்பும் முன் அக்காவின் கண்ணாடியைக் கழற்றி "ஹா", "ஹா" என்று துடைத்து மாட்டிவிடுவார். "வெளிச்சமா இருக்குடா" என்பாராம் அக்கா. அதை மறுநாள் கடையில் வந்து என்னிடம் சொல்வார். தினமும் ஒரே வாக்கியம்தான். தினமும் புதிதாகச் சொல்வார்.

அந்த வருடம் புதிதாக ஒரு இருமல் காய்ச்சல் ஊருக்குள் வந்தது. முதலில் வேறு எங்கோ என்றார்கள், அப்புறம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் என்றார்கள், அப்புறம் எங்கள் தெரு. எல்லாரும் முகக்கவசம் போட்டார்கள். தும்மாதவரும் போட்டார், சட்டம் என்பதற்காக. "இருமுறவன் போட்டா போதாதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டார். கண்ணாடி துடைக்க வேண்டியபோது அதைத் தாடைக்கு இறக்குவார். ஹா, ஹா. மறுபடி ஏற்றிக்கொள்வார். சுத்தத்துக்காகத்தானே இறக்குகிறார் என்று பார்க்கிற யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. படித்தவள் என்று பெயர் வேறு.

தெருவில் முதலில் விழுந்தவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். அடுத்து பஸ் டிரைவர் ஒருவர், பல் டாக்டர், வங்கி வாசலில் நிற்கிற காவலாளி. நாலாம் நாள் நான் விழுந்தேன். நான் விழுந்தபோது சும்மா விழவில்லை. மூன்று நாள் எழுந்து நிற்க முடியாமல், என் வீட்டுக்காரர் வைத்த ரசத்தைக் குடிக்கிற நிலைமைக்கு ஆளானேன். தும்மாதவர் கஞ்சியோடு வந்து வாசலில் நின்றார்.

"பாருங்க, உங்ககூடத்தானே நாள் முழுக்க நிக்கிறேன். எனக்கு ஏதாவது ஆச்சா? உடம்ப வச்சிக்கத் தெரியணும்மா."

எனக்குக் கஞ்சிப் பாத்திரத்தை அவர் தலையில் கவிழ்க்கலாம்போல இருந்தது. கையைத் தூக்கத் தெம்பில்லை.

இதற்கெல்லாம் யார் காரணம் என்பதில் தெருவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கி ஏழு தும்மல் போடுகிற ஆள் ஒருவர்தானே இருக்கிறார்! டெய்லர் கடைக்கு ஆள் வருவது நின்றது. தைக்கக் கொடுத்ததைக்கூட யாரும் வாங்க வரவில்லை. "எனக்கு இருபது வருஷமா தும்மல் இருக்குய்யா, தூசிக்கு வர்றது" என்று அவர் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். கேட்பாரில்லை. தும்மாதவர்தான் தலைமை தாங்கினார். இரண்டு கடைக்கும் நடுவே கயிறு கட்டினார். நடைபாதையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். டெய்லர் அந்தக் கோட்டைத் தாண்டினால் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கத்துவார்:

"உள்ள போப்பா! உன் ஒருத்தனால தெருவே படுத்துக் கெடக்கு. எங்க அக்கா உயிரோட இருக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா?"

டெய்லர் உள்ளே போய்த் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாராம். நான் எழுந்து வேலைக்குத் திரும்பிய அன்று அந்தக் கயிற்றைப் பார்த்தேன். சரிதான் என்றுதான் நினைத்தேன். இதை ஒளிப்பதில் அர்த்தமில்லை.

மறுநாள் காலை சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் தடிமனான பதிவேடு, காதில் பேனா. நோய் வந்தவர்களிடம் போய், முந்தின வாரம் எங்கெங்கே போனார்கள், யார் யாரைப் பார்த்தார்கள் என்று எழுதிக்கொள்வதுதான் அவர் வேலை. என்னிடமும் வீட்டுக்கு வந்து கேட்டிருந்தார். இப்போது கடை வாசலில் நின்று போர்டைப் படித்தார். பிறகு பதிவேட்டைப் பார்த்தார். மறுபடி போர்டைப் பார்த்தார்.

தும்மாதவர் பணிவாக டெய்லர் கடையைக் காட்டினார். "ஆள் அங்க இருக்காரும்மா."

"அவர நேத்தே சோதிச்சாச்சு சார். அவருக்கு ஒண்ணும் இல்ல. தூசித் தும்மல்."

"ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல. எனக்கு வேற ஒரு சந்தேகம். பதினாலு பேருக்கு வந்திருக்கு. அவங்க ஒரே பஸ்ல போகல, ஒரே கடையில சாப்பிடல, ஒருத்தருக்கொருத்தர் பழக்கமும் இல்ல. ஆனா பதினொரு பேர் கண்ணாடி போட்டவங்க. மீதி மூணு பேர் அந்தப் பதினொரு பேரோட வீட்டுல இருக்கறவங்க." உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். "பதினொரு பேரும் கண்ணாடி வாங்கினதோ சரி பண்ணினதோ இந்தக் கடையில."

தும்மாதவருக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம கடைக்கு வராதவங்க யாரும்மா இருக்காங்க? உங்க கண்ணாடிகூட மங்கலா இருக்கே, குடுங்க."

அந்த அம்மா எதற்காகக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை பார்க்கத்தான் கொடுத்தாரோ என்னவோ. தும்மாதவர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். ஹா. ஹா. துணியால் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, மாட்டிவிடக் குனிந்தார். அந்த அம்மா நாற்காலியோடு பின்னால் நகர்ந்த வேகத்தில் பிரேம் அடுக்கியிருந்த ஸ்டாண்டு ஒன்று சாய்ந்தது.

"எல்லாருக்கும் இப்படித்தான் துடைப்பீங்களா?" குரல் கீச்சென்று வந்தது.

"சந்தேகமே வேண்டாம். எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். பாரபட்சம் பாக்கறதில்ல."

நான் என் கண்ணாடியைக் கழற்றிக் கவுன்ட்டரில் வைத்தேன். தினமும் காலையில் கடைக்கு வந்ததும் அவர் முதலில் துடைத்துக் கொடுப்பது என் கண்ணாடியைத்தான்.

அந்த இடத்திலேயே அந்த அம்மா அவர் மூக்குக்குள் குச்சி விட்டு எடுத்தார். அதற்கும் அவருக்குத் தும்மல் வரவில்லை. முடிவு நாளைக்கு வரும், அதுவரை வீட்டைவிட்டு எங்கேயும் போகாதீர்கள் என்று அந்த அம்மா இரண்டு தடவை சொன்னார். தன் கண்ணாடியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டே தெருவில் இறங்கிப் போனார்.

"அக்கா வீட்டுக்குப் போகாதீங்கண்ணே" என்று நானும் சொன்னேன்.

"நோய் இருக்கறவனுக்குத்தான்மா அதெல்லாம். எனக்கு என்ன இருக்கு? அக்காவுக்குக் கண்ணாடி அழுக்கு. நேத்துதான் துடைச்சேன், ஆனா நிம்மதியா துடைக்கல."

போனார். தன் கையால் எழுதிய தாளைப் படித்துவிட்டு, அக்கா மகளிடம் மூக்கை உறிஞ்சிக் காட்டிவிட்டு, சத்தமே இல்லாததால் உள்ளே போனார். பத்திரிகை வாசித்தார், ஹா, ஹா என்று துடைத்து மாட்டிவிட்டார். இதெல்லாம் அவரே பின்னால் சொன்னதுதான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் முடிவு வந்தது. பதிவேட்டு அம்மா அவர் வீட்டு வாசலிலிருந்தே வாசித்தார். அவருக்கு நோய்த்தொற்று இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. நானும் அங்கே போயிருந்தேன், படிக்குக் கீழே நின்றேன். தும்மாதவர் மூஞ்சியில் ஈயாடவில்லை.

"எனக்கா? தப்பா பாத்திருப்பீங்க. காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. இன்னைக்குக் காலையிலகூட முப்பது தண்டால் எடுத்தேன்."

"நீங்க முப்பது எடுங்க, அறுபது எடுங்க சார். கிருமி உள்ள இருக்கு. உங்களப் படுக்கப் போடல, அவ்வளவுதான். சில பேருக்கு இப்படித்தான், வந்ததும் தெரியாது, போறதும் தெரியாது. ஆனா மூச்சுல வெளிய வந்துகிட்டுதான் இருக்கும்." அந்த அம்மா கொஞ்சம் நிறுத்தினார். "இருமுறவரப் பாத்தா ஜனங்க ஒதுங்கிப் போயிடுவாங்க. உங்களப் பாத்து யாரு சார் ஒதுங்குவாங்க? மூஞ்சியக் கொண்டு வந்து நீட்டுறாங்க. உங்களுக்கு யார்கிட்டயிருந்து வந்துச்சோ, அவருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரம்மாவின் குரல் வந்தது. "அப்ப எனக்குப் போன வாரம் தொண்டை வலிச்சப்ப ஐஸ் தண்ணி குடிச்சேன்னு திட்டினீங்களே, அது?"

அப்போதுதான் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். தாடையிலிருந்து முகக்கவசத்தை ஏற்றி மூக்கு வரை மூடினார். மூடிய கையை எடுக்கவே இல்லை.

"அக்கா" என்றார்.

மூன்றாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் மூச்சு திணறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த ஒரு வாரத்தை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. வீட்டு மாடி அறையில் அவரைத் தனியாகப் போட்டுப் பூட்டினார் வீட்டுக்காரம்மா. "பதினெட்டு வருஷமா என் உடம்பத்தானே வீக்குன்னு சொன்னீங்க" என்று சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே டங்கென்று வைப்பார். உள்ளே இருக்கிறவருக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. நல்ல பசி, நல்ல தூக்கம். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அங்கே அக்கா குழாய் வைத்து மூச்சு விடுகிறார், இங்கே தனக்கு ஒரு இருமல்கூட வரவில்லையே என்று எனக்குப் போன் போட்டுப் புலம்புவார்.

"ஒரு நூறு டிகிரியாவது வரக் கூடாதாம்மா? தெர்மாமீட்டர் வச்சா தொண்ணூத்தேழு காட்டுது. எனக்கே வெக்கமா இருக்கு."

ஒருநாள் மிளகுத்தூளை மூக்கில் வைத்து உறிஞ்சிப் பார்த்திருக்கிறார். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிரத் தும்மல் வரவில்லை. "தும்மினா கொஞ்சம் நிம்மதியா இருக்கும்னு பாத்தேன்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். அப்புறம் நானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

தினமும் நாலு மணிக்கு அக்கா மகள் அவருக்குப் போன் செய்வாள். விரலில் மாட்டுகிற ஆக்ஸிஜன் கருவி காட்டும் எண்ணை மட்டும் சொல்வாள். எண்பத்தாறு. எண்பத்தைந்து. எண்பத்தெட்டு. அவர் அதை எனக்குச் சொல்வார். நான் டெய்லருக்குச் சொல்வேன்.

ஆம், டெய்லருக்கு. பத்தாயிரம் வசவு வைவார் என்று எதிர்பார்த்துத்தான் விஷயத்தைச் சொல்லப் போனேன். அவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கடை வாசலில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து உருட்டி வைத்தார். இரண்டு மூன்று நாளில் ஒரு சாயங்காலம் தும்மாதவர் வீட்டு மாடி ஜன்னலுக்குக் கீழே போய் நின்றிருக்கிறார். தும்மாதவர் மேலேயிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகக்கவசத்தைக் கண் வரை ஏற்றிக்கொண்டு, "என்ன மன்னிச்சிடுப்பா" என்றிருக்கிறார்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் அண்ணே. அக்காவுக்கு இன்னைக்கு எவ்வளவு?"

"எண்பத்தொம்பது."

"ஏறுதுல்ல? ஏறும்" என்ற டெய்லர் நாலு தும்மல் போட்டாராம். தெருவில் போன ஒருவர் எதிர்ச்சாரிக்கு ஓடினார். மாடியில் இருந்தவரைப் பார்த்து ஓட அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

தொண்ணூற்று மூன்று என்று சொன்ன நாளில் அக்கா மகள் இன்னொன்றும் சொன்னாள். "ஸ்ட்ரெச்சர்ல ஏத்தினப்ப அம்மா கண்ணாடி நசுங்கிடுச்சு மாமா. டாக்டர் யாரு, கூட்டுற அம்மா யாருன்னு தெரியாம எல்லாரையும் ஒண்ணுபோலத் திட்டிக்கிட்டு இருக்காங்க."

தும்மாதவர் உடனே என்னைக் கூப்பிட்டார். கடைப் பதிவேட்டைப் புரட்ட வேண்டிய அவசியமே இல்லை. "வலது ரெண்டேகால், இடது ரெண்டரை. கண்மணி தூரம் அறுபத்தொண்ணு. பிரேம் லேசா இருக்கணும், மூக்குல குழாய் இருக்குல்ல." நான் லென்ஸ் வெட்டி மாட்டி வைத்தேன்.

பத்து நாள் முடிந்து, மறுபடி குச்சி விட்டுப் பார்த்து, இனி பரவாது என்று பதிவேட்டு அம்மா எழுதிக் கொடுத்தார். தும்மாதவர் கடைக்கு வந்தார். இளைத்திருந்தார். நோயே படுக்கப் போடாத ஆள், கவலையில் நாலு கிலோ குறைந்திருந்தார். அக்காவின் புதுக் கண்ணாடியைக் கையில் எடுத்தார். வாயருகே கொண்டுபோகும் வழியில் அவர் கை நின்றது. பரவாது என்று எழுதிக் கொடுத்த தாள் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனாலும் அலமாரியிலிருந்து நீல பாட்டிலை எடுத்தார். அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. பதினோரு வருடத்தில் அதன் வாய் அடைத்துப்போயிருந்தது. நான் ஊசி கொண்டுவந்து குத்திவிட்டேன். பீய்ச்சியது அவர் சட்டையில் பட்டது. மறுபடி அழுத்தித் துடைத்தார்.

ஆஸ்பத்திரிக்கு என்னையும் துணைக்கு வரச் சொன்னார். அக்கா இருந்த அறைக்குள் யாரையும் விடவில்லை. தாழ்வாரத்திலிருந்து மூடிய ஜன்னல் வழியே பார்க்கலாம். நர்ஸம்மா கண்ணாடிப் பெட்டியை உள்ளே கொண்டுபோய் அக்காவுக்கு மாட்டிவிட்டு, ஒரு போனை அவர் கையில் கொடுத்தார். இந்தப் பக்கம் என் போனை ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் மெல்லிய குழாய். எலும்பும் தோலுமாக இருந்தார். தம்பியை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"என்னடா இப்படித் துடைச்சிருக்க? கோடு கோடாத் தெரியுது."

பழக்கம் யாரை விட்டது? தும்மாதவர் கை தானாக முகக்கவசத்துக்குப் போனது. இழுத்து இறக்கப் போனவர் அப்படியே நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"அக்கா, நான்தான்..." என்று தொடங்கினார்.

"தெரியும்டா. வாய மூடிட்டு நில்லு."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். வலது லென்ஸை வாயருகே கொண்டுபோய், தம்பி செய்கிற மாதிரியே உதட்டைக் குவிக்காமல் வாயைத் திறந்து ஊதினார். சத்தமே வரவில்லை. லென்ஸின் நடுவில் ஒரு பட்டன் அளவுக்கு வெளுத்து, உடனே மறைந்தது. இரண்டாவது தடவை இருமல் வந்து குனிந்துவிட்டார். நர்ஸம்மா ஓடிவந்தார். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். தும்மாதவர் ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியில் விரல் எல்லாம் வெளுத்திருந்தது.

மூன்றாவது தடவை.

"ஹா."

போனில் நன்றாகக் கேட்டது. அக்கா லென்ஸை எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தார். முழுக்க வெளுத்திருந்தது.

"ஓரம் வரைக்கும் வந்திருக்கும்மா" என்றார் தும்மாதவர் என்னிடம், வாடிக்கையாளரிடம் பேசும் குரலில். "பாருங்க, ஓரம் வரைக்கும். மூச்சு பத்தாம இருந்தா நடுவுல மட்டும்தான் வரும். இது ஓரம் வரைக்கும்..."

அழுதார். முகக்கவசம் நனைந்தது. மூக்கு ஒழுகியது. மூக்கை உறிஞ்சினார், பலமாக, நாலு அறைக்குக் கேட்கிற மாதிரி. உறிஞ்சிய வேகத்தில் தலை பின்னால் போனது, கண் மூடியது, முழங்கையை மடக்கி முகத்தை அதற்குள் புதைக்க மட்டும் நேரம் கிடைத்தது. தும்மினார்.

பதினோரு வருடத்தில் அவரிடமிருந்து நான் கேட்ட முதல் தும்மல். சாதாரணத் தும்மல் இல்லை, தாழ்வாரமே அதிர்ந்தது.

எதிர் அறையிலிருந்து இன்னொரு நர்ஸம்மா விறுவிறுவென்று வந்தார். சுவரில் ஒட்டியிருந்த தாளை விரலால் தட்டிக் காட்டினார். "சார், தும்மல், சளி இருக்கறவங்க இங்க நிக்கக் கூடாது. எழுதியிருக்குல்ல? வெளிய போங்க."

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். தும்மாதவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். மூக்கைத் துடைத்துக்கொண்டே, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், சுவரை ஒட்டி நடந்து படியிறங்கிப் போனார்.

"எங்க போறான் அவன்?" என்று போனில் கேட்டார் அக்கா.

"தும்மிட்டார்க்கா. அதான் வெளிய அனுப்பிட்டாங்க."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார்.

"அவனா?"

சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பதற்கு அவரிடம் இப்போது மூச்சு இருந்தது.